மேசைமீது ஒரு போர்க்களம்

வாசிக்கும் முன் சிந்திப்போம்

1. உங்களுக்குக் கைவினைப் பொழுதுபோக்கு ஏதேனும் உண்டா? அதனால் நீங்கள் கற்றுக்கொண்டது என்ன?
2. போரை விளையாட்டாக விளையாடுவது சரியா? உங்கள் கருத்தை நண்பரிடம் கூறுங்கள்.

வாசிப்புப் பகுதி

பள்ளி விடுமுறைக்குத் தஞ்சோங் மாலிமில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா இடைநிலைப்பள்ளியில் வரலாற்று ஆசிரியர். அவருடைய அறையில் ஒரு பெரிய மேசை இருந்தது. அதன் நீளம் 180 சென்டிமீட்டர். அகலம் 120 சென்டிமீட்டர். மேசையின் நடுவே ஒரு சாலை ஓடியது. அதன் இருபுறமும் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. ஓரிடத்தில் ஆறும் அதன்மேல் ஒரு பாலமும் இருந்தன. சாலையில் என் ஆள்காட்டி விரல் நீளமே உள்ள டாங்கிகள் அணிவகுத்து நின்றன.

“இவையெல்லாம் பொம்மைகளா, மாமா?” என்று கேட்டேன்.

“பொம்மைகள்தாம். ஆனால், இந்தச் சாலை உண்மையான சாலை. இங்கிருந்து அரை மணி நேரப் பயணத்தில் உள்ள சிலிம் ரிவர்தான் இது. 1942ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் அங்கு நடந்த போரை மேசையில் விளையாடப் போகிறேன். இன்னும் நான்கு டாங்கிகளும் ஒரு பீரங்கியும் செய்ய வேண்டும். உதவி செய்கிறாயா?”

எனக்குப் போரில் ஆர்வம் இல்லை. ஆனால், தூரிகை பிடிப்பது பிடிக்கும். அதனால் சரி என்றேன்.

சதுரங்கத்தின் தம்பி

போரைப் பலகைக்குக் கொண்டுவரும் பழக்கம் புதிதன்று என்றார் மாமா. சதுரங்கம் என்ற சொல்லுக்கு ‘நான்கு உறுப்புகள்’ என்பது பொருள். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நாற்படையே அந்த நான்கு உறுப்புகள். சதுரங்கத்தில் இரு தரப்பினரும் எல்லாக் காய்களையும் பார்க்க முடியும். உண்மையான போரில் அது முடியாது. மலைக்கு அப்பால் யார் இருக்கிறார் என்பது படைத்தலைவருக்குத் தெரியாது.

இந்தக் குறையை நீக்கும் விளையாட்டு ஒன்று 19ஆம் நூற்றாண்டில் பிரஷ்யா நாட்டில் உருவானது. ரைஸ்விட்ஸ் என்பவர் 1812இல் அந்நாட்டு மன்னருக்காக ஒரு போர் விளையாட்டு மேசையை உருவாக்கினார். 1824இல் அவருடைய மகன் அதை வரைபடத்தில் விளையாடும் விளையாட்டாக மேம்படுத்தினார். சுட்ட குண்டு இலக்கைத் தாக்கியதா என்பதைப் பகடை முடிவு செய்தது. எதிரியின் படை கண்ணுக்குத் தெரிகிறதா என்பதை நடுவர் முடிவு செய்தார். அதிகாரிகளுக்குப் பயிற்சி அளிக்க இந்த விளையாட்டு பயன்பட்டது.

1913இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், பொம்மைப் படைவீரர்களைக் கொண்டு விளையாடுவதற்கான விதிகளை ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலில் எழுதினார். உண்மையான போர் எவ்வளவு பெரிய மடமை என்பதை இந்தச் சிறு விளையாட்டே உணர்த்திவிடும் என்பது அவருடைய கருத்து. ஆனால், அடுத்த ஆண்டிலேயே முதல் உலகப் போர் மூண்டது.

எழுபத்திரண்டில் ஒன்று

வேலையைத் தொடங்கும் முன் மாமா ஒரு கணக்குக் கொடுத்தார். மாதிரி உருக்களை அளவு விகிதத்தின்படியே செய்வார்கள். எங்கள் மேசையின் விகிதம் 1:72. அதாவது, உண்மையான பொருளின் நீளத்தை 72ஆல் வகுத்தால் மாதிரியின் நீளம் கிடைக்கும்.

சப்பானியரின் 97ஆம் வகை நடுத்தர டாங்கி 5.5 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 15 டன் எடையும் கொண்டது. அதன் மாதிரி 76 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். 95ஆம் வகை இலேசான டாங்கியின் நீளம் 4.38 மீட்டர், மாதிரியின் நீளம் 61 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் படையின் 4.5 அங்குல ஹோவிட்சர் பீரங்கிக்குக் குழாயின் வாய் 114 மில்லிமீட்டர் அகலம். மாதிரியில் அது 1.6 மில்லிமீட்டர்தான்! ஓர் ஊசியின் பருமனைவிடச் சற்றே பெரிது.

“அப்படியென்றால் சாலையும் இதே விகிதத்தில்தான் இருக்கிறதா?” என்று கேட்டேன்.

மாமா சிரித்தார். “டாங்கிகள் அன்று ஏறத்தாழ 30 கிலோமீட்டர் முன்னேறின. அதை 72ஆல் வகுத்துப் பார்.”

ஏறத்தாழ 417 மீட்டர் வந்தது. நான்கு காற்பந்துத் திடல்களை நீளவாக்கில் அடுக்கினால்தான் அந்தச் சாலை அடங்கும். எனவே, மேசைப்போரில் வண்டிகளுக்கு ஒரு விகிதமும் நிலத்துக்கு வேறொரு விகிதமும் வைத்துக்கொள்வார்கள். வரைபடத்தைப் போலவே இந்த மேசையும் சிலவற்றைச் சுருக்கும், சிலவற்றை விட்டுவிடும்.

வெட்டுதலும் ஒட்டுதலும்

டாங்கியின் பாகங்கள் ஒரு நெகிழிச் சட்டத்தில் இலைகள் காம்பில் தொங்குவதுபோல் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைக் கையால் பிய்க்கக் கூடாது. சிறு வெட்டுக்குறட்டால், பாகத்தை ஒட்டி வெட்டாமல், சற்றுத் தள்ளி வெட்ட வேண்டும். எஞ்சிய முனையைக் கூர்கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்.

“கத்தி எப்போதும் உன் விரலை விட்டு விலகிப் போகட்டும், அம்மா. அவசரம் வேண்டாம்,” என்று மாமா அடிக்கடி நினைவூட்டினார்.

ஒட்டுவதற்கு முன் பாகங்களைப் பசையின்றிப் பொருத்திப் பார்த்தோம். பசையிலும் வேறுபாடு உண்டு. நெகிழி மாதிரிக்குப் பயன்படும் பசை, இரு பாகங்களின் விளிம்புகளையும் இலேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடும். உலோகத்தையோ பிசினையோ அது கரைக்காது; அவற்றுக்கு உடனடிப் பசை வேண்டும். பசையின் ஆவி உடலுக்கு நல்லதன்று என்பதால் சன்னலைத் திறந்து வைத்தோம்.

பீரங்கிதான் எனக்குப் பெரும் சோதனையாக இருந்தது. இரண்டு சக்கரங்கள், வீரர்களைக் காக்கும் தகடு, பின்னால் நீளும் கால், குழாய் என அதற்குப் பாகங்கள் குறைவு. ஆனால், சக்கரம் ஒன்று சாய்ந்தாலும் முழுப் பீரங்கியும் நொண்டியதுபோல் தோன்றும். மூன்று முறை கழற்றி ஒட்டினேன். பிறகு, மெல்லிய கைத்துளைப்பானால் குழாயின் வாயைத் துளைத்தேன்.

வண்ணமும் சேறும்

மறுநாள் காலை அடிப்பூச்சு தெளிக்க நினைத்தோம். வெளியே மழை. மாமா வேண்டாம் என்றார். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் தெளிப்பு வண்ணம் வெளிறிப் பொடிபோல் படியும். நம் நாட்டில் இந்தக் கைவினையில் ஈடுபடுவோர் வானத்தைப் பார்த்துத்தான் வண்ணம் தெளிக்க வேண்டும். பிற்பகலில் வெயில் வந்தது. முகக்கவசம் அணிந்து, வெளியில் நின்று, சாம்பல் நிற அடிப்பூச்சைத் தெளித்தோம்.

அடிப்பூச்சு காய்ந்ததும் காக்கி, பழுப்பு, பச்சை ஆகிய வண்ணங்களைத் திட்டுத் திட்டாகப் பூசினோம். இதுதான் உருமறைப்பு. கெட்டியான ஒரே பூச்சைவிட நீர்த்த இரண்டு பூச்சுகள் நல்லவை. கெட்டிப் பூச்சு ஆணித்தலைகளையும் தகட்டு விளிம்புகளையும் மூடிவிடும்.

பின்னர், மிகவும் நீர்த்த கரும்பழுப்பு வண்ணத்தை டாங்கி முழுவதும் தடவினோம். அது பள்ளங்களில் ஓடித் தங்கியது; மூடிகளும் இணைப்புகளும் பளிச்செனத் தெரிந்தன. அடுத்து உலர் தூரிகை முறை. தூரிகையில் வெளிர் வண்ணத்தைத் தொட்டு, காகிதத்தில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, மேட்டுப் பகுதிகளில் மட்டும் வருட வேண்டும். பழைய பல் துலக்கியால் சங்கிலிச் சக்கரங்களின்மேல் செம்மண் நிறத்தைத் தெறிக்கவிட்டோம்.

“ஏன் இவ்வளவு சேறு, மாமா?”

“போருக்கு முந்தைய நாள்களில் நல்ல மழை. இது பேராக் மண். இங்கே ஓடிய வண்டி சுத்தமாக இருக்குமா?”

மாதிரி செய்பவர் ஒவ்வொரு கட்டத்திலும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கிறார். அன்று மழை பெய்ததா? சாலை எவ்வளவு அகலம்? மரங்கள் எவ்வளவு நெருக்கம்? விடை தேடும்போது வரலாற்றுப் பாடம் தானாகவே மனத்தில் பதிகிறது.

அன்று நடந்தது

சப்பானியப் படை 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் தரையிறங்கியது. அதன்பின் நான்கு வாரங்களாகப் பிரிட்டிஷ் தரப்புப் படை மலாயாவின் மேற்குக் கரையோரமாகப் பின்வாங்கிக்கொண்டே வந்தது. அப்படையில் இந்திய, கூர்க்கா வீரர்களும் ஸ்காட்லாந்து வீரர்களும் இருந்தனர். பகலில் வானிலிருந்து தாக்குதல். இரவில் நடையும் அகழி வெட்டுதலும். சரியான உறக்கம் இன்றி அவர்கள் துவண்டு போயிருந்தனர். அவர்களிடம் ஒரு டாங்கிகூட இல்லை.

சனவரி 7ஆம் நாள் விடியும் முன், நிலவொளியில், ஏறத்தாழ 20 சப்பானிய டாங்கிகள் துரோலாக்கிலிருந்து தெற்கு நோக்கிச் சாலையில் பாய்ந்தன. கண்ணிவெடிகளும் தடைகளும் சில இடங்களில் அவற்றைத் தாமதப்படுத்தின. ஆனால், அந்தச் சாலையில் ஓர் இரகசியம் இருந்தது. வளைந்து சென்ற பழைய சாலையை நேராக்கியபோது, கைவிடப்பட்ட வளைவுகள் சில ரப்பர் தோட்டங்களுக்குள் அப்படியே கிடந்தன. டாங்கிகள் அந்த வளைவுகளில் புகுந்து, தடைகளின் பின்புறம் வெளிவந்தன.

தொலைபேசிக் கம்பிகள் போதவில்லை. செய்தி உரிய நேரத்தில் பின்னால் இருந்தவர்களை எட்டவில்லை. சாலையில் அணிவகுத்து நடந்து சென்ற கூர்க்கா வீரர்களைப் பின்னாலிருந்து வந்த டாங்கிகள் தாக்கின. பாலத்தைத் தகர்க்க வைத்திருந்த வெடிமருந்தின் கம்பியை ஒரு சப்பானிய அதிகாரி தம் வாளால் வெட்டினார். பாலத்தைத் தாண்டிச் சென்ற டாங்கிகளை இறுதியில் ஒரு 4.5 அங்குல ஹோவிட்சர் மிக அருகிலிருந்து சுட்டு நிறுத்தியது. அதற்குள் ஏறத்தாழ ஆறு மணி நேரம் கடந்திருந்தது. நான்கு நாள்களில், சனவரி 11ஆம் நாள், கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் சரணடைந்தது.

நான் மூன்று முறை கழற்றி ஒட்டியது அந்த ஹோவிட்சரின் மாதிரியைத்தான்.

பகடை உருண்டது

முதல் ஆட்டத்தில் நான் பிரிட்டிஷ் தரப்பு. மாமா சப்பானியத் தரப்பு. விதி எளிது. என் டாங்கி எதிர்ப்புப் பீரங்கி சுடும்போது பகடையில் 4, 5, 6 விழுந்தால் குண்டு படும். பட்டபின் மீண்டும் உருட்டி, 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் டாங்கி நின்றுவிடும். இரண்டும் சேர்ந்து நடக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்று.

எனக்குத்தான் வரலாறு தெரியுமே! பழைய சாலையின் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பீரங்கியை வைத்தேன். முதல் டாங்கி நின்றதும் பின்னால் வந்தவை குறுகிய சாலையில் சிக்கிக்கொண்டன. ஒரு மணி நேரத்தில் வென்றுவிட்டேன்.

“அந்தத் தளபதிகளுக்கு இதுகூடத் தெரியவில்லையே!” என்றேன் பெருமையாக.

மாமா மறுப்பு ஏதும் சொல்லவில்லை. இரண்டாம் ஆட்டத்திற்குப் புதிய விதிகளை எழுதினார். மேசையின் நடுவே ஓர் அட்டையை நிறுத்தி, அவருடைய பக்கத்தை மறைத்தார். பழைய சாலை எனக்குக் கொடுத்த வரைபடத்தில் இல்லை. என் படைப்பிரிவுகளில் பாதி உறங்கிக்கொண்டிருந்தன. பகடையில் 6 விழுந்தால்தான் விழித்தெழும். நான் அனுப்பும் செய்தி இரண்டு சுற்றுகள் கழித்தே போய்ச் சேரும். என் கண்ணிவெடிகள் ஒரே இடத்துக்குத்தான் போதும்.

டாங்கிகள் என் பின்புறத்தில் தோன்றியபோது, என் கட்டளை இன்னும் வழியில் இருந்தது. சாலையில் நடந்துகொண்டிருந்த கூர்க்கா வீரர்களின் சிற்றுருக்களை ஒவ்வொன்றாக மேசையிலிருந்து நானே எடுத்து வைக்க வேண்டியிருந்தது. அவற்றின் முகங்களுக்கு முந்தைய நாள்தான் வண்ணம் பூசியிருந்தேன்.

“அந்தப் பீரங்கிகளால் இந்த டாங்கிகளின் தகட்டைத் துளைக்க முடியும். டாங்கி வெல்ல முடியாத பூதம் இல்லை,” என்றார் மாமா. “களைப்பு, வராத செய்தி, வரைபடத்தில் இல்லாத சாலை... இவையெல்லாம் சேர்ந்துதான் அவர்களைத் தோற்கடித்தன. முதல் ஆட்டத்தில் நீ எப்படி வென்றாய் என்று இப்போது தெரிகிறதா?”

முடிவைத் தெரிந்துகொண்டு விளையாடியதால் வென்றேன். அவர்களைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை என்று உணர்ந்தேன்.

பாட்டி கேட்ட கேள்வி

அன்று மாலை தேநீர் கொண்டுவந்த பாட்டி, மேசையை வெகுநேரம் பார்த்தார்.

“மரமெல்லாம் அழகா நட்டிருக்கே, கண்ணு. மரம் வெட்டுற சனங்க எங்கே? லயம் எங்கே?”

நானும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ரப்பர் மரங்களுக்குப் பால் வெட்டிய கோடுகூட வரைந்திருந்தோம். அந்தக் கோட்டை வெட்டியவர்களை மறந்துவிட்டோம்.

பாட்டி பிறப்பதற்கு முன்பு நடந்ததை அவருடைய அப்பா சொல்லியிருக்கிறார். டாங்கிகள் வந்த இரவில் தோட்டத்துச் சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்களாம். அடுத்த ஆண்டு பாட்டியின் பெரியப்பாவைச் சயாமுக்கு இரயில்பாதை போட அழைத்துச் சென்றார்கள். சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்தப் பாதை 415 கிலோமீட்டர் நீளமானது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். நோயாலும் பசியாலும் அடியாலும் மாண்டவர்கள் ஏராளம். பெரியப்பா திரும்பி வரவில்லை. செய்தியும் வரவில்லை. பெரியம்மா கடைசி வரை தாலியைக் கழற்றவே இல்லை.

“இதுக்கு உங்க பகடையில எந்த எண்?” என்று கேட்டுவிட்டுப் பாட்டி கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் நான் டாங்கி செய்யவில்லை. அட்டையை வெட்டி ஒரு லயம் செய்தேன். எட்டு வீடுகள், எட்டுக் கதவுகள். ஒவ்வொரு கதவும் 28 மில்லிமீட்டர் உயரம். கூரைக்குத் துருவின் நிறம். வாசலில் பால்வாளியுடன் ஒரு பெண். அவள் பக்கத்தில் ஒரு சிறுவன். அவர்கள் சேலைக்கும் சட்டைக்கும் எந்த வண்ணம் என்று பாட்டியைக் கேட்டுத்தான் பூசினேன்.

லயத்தைப் பழைய சாலையின் வளைவுக்கு அருகில் வைத்தோம். அதன்பின் இன்னும் இரண்டு முறை விளையாடினோம். அந்த மரங்களுக்குள் சுடும் முறை வரும்போதெல்லாம், மாமாவும் நானும் அளவுகோலை எடுத்து, லயம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று முதலில் அளந்து பார்த்தோம்.

அருஞ்சொற்பொருள்

அளவு விகிதம் – உண்மைப் பொருளுக்கும் மாதிரிக்கும் உள்ள அளவுத் தொடர்பு
உருமறைப்பு – சூழலோடு கலந்து கண்ணுக்குத் தெரியாதபடி செய்தல்
அடிப்பூச்சு – வண்ணம் நன்றாகப் பிடிக்க முதலில் பூசப்படும் பூச்சு
ஹோவிட்சர் – குண்டை உயர வளைத்தும் எறியக்கூடிய பீரங்கி வகை
மடமை – அறியாமை
துவண்டு – தளர்ந்து
லயம் – தோட்டத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகள்
சயாம் – தாய்லாந்தின் பழைய பெயர்

கருத்துணர் வினாக்கள்

1. சதுரங்கத்திற்கும் பிரஷ்யாவில் உருவான போர் விளையாட்டிற்கும் உள்ள முக்கிய வேறுபாடு யாது?
2. மழை பெய்யும்போது அடிப்பூச்சு தெளிக்க வேண்டாம் என மாமா கூறியது ஏன்?
3. சப்பானிய டாங்கிகள் தடைகளைக் கடந்து செல்லப் பழைய சாலை எவ்வாறு உதவியது?
4. இரண்டாம் ஆட்டத்திற்கு மாமா எழுதிய புதிய விதிகள் எந்த வரலாற்று உண்மைகளைக் காட்டுகின்றன? அட்டவணைப்படுத்துக.
5. “இதுக்கு உங்க பகடையில எந்த எண்?” என்னும் பாட்டியின் கேள்வி உணர்த்தும் கருத்தை விளக்குக.
6. ‘போர் விளையாட்டு போரைப் பற்றிய உண்மையைக் கற்பிக்கும்.’ இக்கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? பகுதியிலிருந்து இரண்டு சான்றுகள் காட்டி எழுதுக.

செயல்திட்டம்

உங்கள் ஊரில் நடந்த ஒரு வரலாற்று நிகழ்வைத் தேர்ந்தெடுங்கள். அதைப் பற்றிக் குடும்பத்தில் உள்ள மூத்தவர் ஒருவரிடம் கேட்டறியுங்கள். அட்டை, களிமண், கம்பி போன்ற எளிய பொருள்களைக் கொண்டு அந்த இடத்தின் மாதிரியை 1:72 அல்லது 1:100 விகிதத்தில் செய்யுங்கள். அங்கு வாழ்ந்த மக்களுக்கும் அதில் இடம் கொடுங்கள். மாதிரியின் அருகில் வைக்க, 80 சொற்களில் ஒரு விளக்கக் குறிப்பு எழுதுங்கள்.